வெள்ளைக்காரன் சண்டைக்கு மைக் பிடித்த கதை

போன மாதம் திரைப்பட சங்கத்துத் தம்பிகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்து, ஒரு லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்தார்கள். ஏதோ ஒரு குளிர் நாட்டுப் படம். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் நிதானமாக வெறுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே தமிழில் எழுத்து ஓடியது. அந்தப் பெண் வாயை மூடிய பிறகும் அவள் சொன்னது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. நாங்களே மொழிபெயர்த்தோம் அண்ணாச்சி, எப்படி இருக்கு என்று கேட்டார்கள். சுத்தமாக இருக்கிறது என்றேன். என் தொழிலுக்குப் பால் ஊற்றிய வீடியோவை எனக்கே போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்கிறவர்களிடம் வேறென்ன சொல்வது?

எழுத்து வருவதற்கு முன்னால் நீங்கள் மைக்கில் பேசியே முழுப் படத்தையும் சொல்வீர்களாமே, அதைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள், சங்கத்து ஆண்டு மலரில் போடுகிறோம் என்று கேட்டார்கள். இந்தக் கட்டுரைக்கு அவர்கள்தான் பொறுப்பு. இதைப் படித்துவிட்டு யாரும் என்னிடம் சண்டைக்கு வரவேண்டாம்.

நான் சவுண்ட் சர்வீஸில் அறிவிப்பாளனாக இருந்தவன். பயிற்சி எல்லாம் இருக்கன்குடி கோயில் ஆடிக் கொடையில். ‘மஞ்சள் சட்டை போட்ட குழந்தை, பெயர் கேட்டால் அழுகிறது, பெற்றோர் மேடைக்கு வரவும்’ என்று கத்திக் கத்தித்தான் குரல் முதிர்ந்தது. பிறகு ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊர் ஊராகப் போனேன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, பட்டாசுக் கம்பெனிப் பாதுகாப்பு வார அறிவிப்பு, துக்கச் செய்தி, மூன்றுக்கும் ஒரே ஆள், ஒரே குரல். ஒரு தடவை பெரியவர் ஒருவரின் மரணத்தைச் சொல்லி முடித்து, வாய்ப் பழக்கத்தில் ‘அனைவரும் குடும்பத்தோடு வருக வருக’ என்று சேர்த்துவிட்டேன். நல்ல கூட்டம் வந்ததாக அந்த வீட்டுக்காரர்கள் பின்னால் சந்தோஷப்பட்டார்கள்.

வெளியே இப்படி. வீட்டுக்குள் நான் ஊமை. தொண்டைதான் சோறு போடுகிறது, அதைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பேன், பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொள்வேன், எது வேண்டுமென்றாலும் என் மனைவி மாரிக்கனியிடம் கையைக் காட்டுவேன். ஒரு விரல் என்றால் தண்ணீர். உள்ளங்கையைக் கவிழ்த்தால் சோறு போதும். கையைப் பரப்பினால் கரண்ட் இல்லையா. மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் சத்தம் என்று இருந்தது மிக்ஸி மட்டும்தான். இது ஒரு நல்ல ஏற்பாடு என்று நான் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில்தான் அமானுல்லா பாய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். விருதுநகரில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்தவர். மண்டியின் மாடியில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே, ஒரு டிவியும் டிவிடி பிளேயரும் வைத்து உலகத்து நாடுகளின் படங்களையெல்லாம் பார்ப்பார். அதிலும் அவருக்குப் பிடித்தது ஒரே வகைதான். ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, ஒரு வீடு, இரண்டு பேருக்கும் ஒத்துவராது. வேறு கதையே கிடையாது. சண்டைப் படம் என்று சொல்லிக் கூட்டிப்போய் உட்கார வைத்தால், அங்கே சாப்பாட்டு மேஜையில் உப்புப் புட்டியை யார் எடுத்துக் கொடுப்பது என்று சண்டை நடக்கும்.

இந்தப் படங்களை மண்டியில் உட்கார்ந்து தனியாகப் பார்த்து என்ன பிரயோசனம், பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிற ஜனங்கள் பார்க்க வேண்டும், வீட்டுக்கு வீடு இதுதானே நடக்கிறது என்பது அவர் கட்சி. அதற்காக ஒரு திரைப்பட சங்கம் வைத்திருந்தார். ஆங்கில எழுத்து ஓடினால் யாருக்கும் புரியாது. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, மைக் வைத்து, பாத்திரங்கள் பேசப் பேசத் தமிழில் சொல்ல ஒரு ஆள் தேவை. அந்த ஆள்தான் நான்.

பாய் வேலை வாங்குகிற விதமே தனி. டிவிடியைப் போடுவார். ஒரு வசனம் வந்ததும் ரிமோட்டால் நிறுத்துவார். ஆங்கில எழுத்தைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். மிளகாய் நெடியில் நான் நாலு தும்மல் போட்டு முடிப்பதற்குள் தமிழ் வரும். நான் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் கட்டிலில் ஒருத்தி புருஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள். குளிருது என்கிறாள் என்றார் பாய். நான் கொஞ்சம் ரசனையோடு ‘அன்பே, என்னை அணைத்துக்கொள்’ என்று எழுதினேன். பாய் தாளை எட்டிப் பார்த்தார். அவர் கோபம் வந்தால் குரலை இறக்கிப் பேசுகிறவர்.

“தங்கவேலு, அவ கேட்டது போர்வையா இருந்தா என்னப்பா பண்ணுவ?”

அடித்துவிட்டுக் ‘குளிருது’ என்று எழுதினேன்.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான். படத்தில் இல்லாத ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரக்கூடாது. அழுதால் அழுகிறாள் என்று சொல்லக்கூடாது, அது ஜனங்களுக்கே தெரியும். வில்லன் என்றோ பாவம் என்றோ சொல்லக்கூடாது. ஜோக் அறவே கூடாது. படம் ஓடும்போது பாய் பின்னால் புரொஜெக்டர் பக்கத்தில் கையில் டார்ச்சோடு நிற்பார். ஒரு தடவை என் மேஜையில் வெளிச்சம் விழுந்தால், மெதுவாகப் பேசு. இரண்டு தடவை என்றால், சொந்தச் சரக்கைச் சேர்க்காதே. மூன்று தடவை என்றால், வாயை மூடு. ஆரம்பத்தில் என் மேஜையைப் பார்த்தால் இடி மின்னலோடு மழை பெய்வதுபோல இருக்கும்.

இன்னொரு சிக்கல் உண்டு. உலக சினிமா என்று போஸ்டர் ஒட்டியதும் ஊரில் ஆம்பளைகளுக்கு ஒரு தனி ஆவல் வந்துவிடும். சிரித்துக்கொண்டே வந்து முன்வரிசையில் உட்காருவார்கள். அதற்குப் பயந்து மண்டபக்காரர்கள் ஒரு நிபந்தனை போடுவார்கள். கட்டில் காட்சி வந்தால் புரொஜெக்டர் கண்ணை மறைக்க வேண்டும். மறைப்பதற்கு, காலண்டர் அச்சடிக்கிற எங்கள் பக்கத்தில் எதற்குப் பஞ்சம்? தினக் காலண்டர் அட்டை. முருகன் படம் போட்டது. ஒளி முழுக்க முருகன் முகத்தில் விழும், திரை இருட்டாகும், சத்தம் மட்டும் வரும். பாய் தலையில் அடித்துக்கொள்வார். இந்தப் படங்களின் கட்டில் காட்சியில் எதுவுமே நடக்காது. இரண்டு பேரும் தூங்காமல் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக் கூரையைப் பார்ப்பார்கள். அதுதான் காட்சியே. அதை மறைத்துவிட்டால் ஜனங்கள் என்னென்னவோ நடந்ததாக நினைத்துக்கொள்வார்கள். மறைத்து மறைத்தே எங்கள் சங்கத்துக்கு அப்படி ஒரு பெயர் வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம் மல்லாங்கிணறில் மாரிக்கனியின் அண்ணன் மகளுக்குச் சடங்கு. மைக் நம்முடையது. மொய் வாசிக்கிற இடைவெளியில் கூட்டத்தைச் சிரிக்க வைக்க வேண்டுமே என்று, எங்கள் வீட்டு மிக்ஸியைப் பற்றி ஒன்று எடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் நானும் பேசமாட்டேன், அவளும் பேசமாட்டாள், அது மட்டும்தான் மனம்விட்டுப் பேசும் என்று. மண்டபமே சிரித்தது. மாரிக்கனி கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் பேசினாள்.

“ஊருக்கெல்லாம் பேசுறீக. செத்தவனுக்குப் பேசுறீக, சேலைக்குப் பேசுறீக. என்கிட்ட மட்டும் கையைக் காட்டுறீக. நான் என்ன லாரியா, கையைக் காட்டி நிப்பாட்ட?”

இதற்கு ஒரு நல்ல மனுஷன் ஏதாவது சொல்லியிருப்பான். அன்று பகல் முழுக்கப் பேசிய களைப்பில் நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளும் கையைக் காட்ட ஆரம்பித்தாள். தீபாவளி போனது. கம்பெனிகளை மூடி லீவு விட்டார்கள். பக்கத்து வீட்டுப் பொம்பளைகளிடம் சொல்வதுபோல எனக்குக் கேட்கும்படி சொன்னாள், கையில் இருக்கிற குழாய் லோடை முடித்துக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறேன், திரும்பி வருவதாக இல்லை என்று. பீரோ மேலிருந்த ஏர்பேக் இறங்கிக் கதவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நான் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். பயம் வந்தால் எனக்கு இரண்டே பழக்கம். ஒன்று ஜோக் அடிப்பேன், இல்லையென்றால் எதையாவது சுற்றிக்கொண்டு நடப்பேன்.

குழாய் லோடு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெடிக்கு மருந்து அடைக்கிற காகிதக் குழாயை வீட்டில் வைத்தே சுற்றிக் கொடுப்பார்கள். மருந்து கிடையாது, வெறும் காகிதமும் பசையும்தான். பிரஸ்ஸிலிருந்து ஒரு பக்கம் அச்சான கழிவுத் தாள் கட்டுக் கட்டாக வரும். அதை வெட்டி, கம்பியில் சுற்றி, பசை ஒட்டி, முறத்தில் காயவைப்பார்கள். மாரிக்கனி கையில் கம்பி சுழல்வதை மிக்ஸியோடுதான் ஒப்பிட முடியும். ஆனால் மிக்ஸி பேச்சை இத்தோடு விட்டுவிடுகிறேன். நான் பாய் சொல்லச் சொல்ல எழுதுவதற்குத் தாள் எடுத்துப் போனதும் அந்தக் கட்டிலிருந்துதான். மறுபக்கம் வெள்ளையாக இருக்கும், இனாம் வேறு.

லீவில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற எம். புதுப்பட்டிக் கல்யாண மண்டபத்தில் படம் போட ஏற்பாடானது. குளிர் நாட்டுப் படம். புருஷன் டிராம் வண்டி ஓட்டுகிறவன். ஏறுகிற கிழவிக்கெல்லாம் வணக்கம் சொல்வான், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பான், ஊரே அவனைத் தங்கம் என்னும். வீட்டுக்கு வந்தால் தொப்பியைக் கழற்றி மாட்டுவதோடு அவன் வாயும் மூடிக்கொள்ளும். பெண்டாட்டி சலவைக்கடையில் வேலை பார்க்கிறவள். கடைசியில் சமையல்கட்டில் ஒரு நீளமான சண்டை. அவள் பையை எடுத்துக்கொண்டு பனியில் இறங்கிப் போய்விடுவாள். அவன் ஒன்றும் சொல்லாமல் நிற்பான். முடிந்தது படம்.

அந்தச் சமையல்கட்டுச் சண்டையில் அவள் சொல்கிற ஒரே ஒரு வரிக்குப் பாய் ஒரு சாயங்காலம் முழுக்க எடுத்துக்கொண்டார். மூட்டைகளுக்கு நடுவே நடந்தார், டீ சொன்னார், குடிக்காமல் ஆறவிட்டார், கடைசியில் சொன்னார். நான் பிழையில்லாமல் எழுதிக்கொண்டேன். இந்தப் படம் யாரைப் பற்றியது என்று எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. அதைத்தான் நான் அறிவிப்பாளனின் திறமை என்று சொல்வேன். காதில் விழுவது நேராக வாய்க்குப் போய்விடும், நடுவில் எங்கும் நிற்காது.

எழுதிய தாள்களை வீட்டில் அந்தக் கழிவுத் தாள் கட்டின் ஓரத்தில் வைத்திருந்தேன். மறுநாள் காலையில் மேலே என் கையெழுத்தைப் பார்த்ததும் அப்படியே அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு புதுப்பட்டிக்குப் போனேன்.

மதியக் காட்சி. ஜன்னலுக்கெல்லாம் பழைய போஸ்டரை ஒட்டி இருட்டாக்கியிருந்தோம். கூட்டம் சேர்க்க வெளியே வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தேன், தொழில் புத்தி. மழை தூறிக்கொண்டிருந்ததால் ஒதுங்க வந்தவர்களையும் சேர்த்து மண்டபம் நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் ஆம்பளைகள், ஒரு பக்கம் பொம்பளைகள். மண்டப மேனேஜர் பால்ராஜ் அண்ணன் முருகன் அட்டையோடு தயாராக நின்றார். விளக்கை அணைப்பதற்குச் சற்று முன்னால்தான் வாசலில் மாரிக்கனியைப் பார்த்தேன். கையில் ஏர்பேக். மண்டபத்துக்கு எதிரேதான் பஸ் நிற்கும். ஐந்து மணி வண்டியில் ஏறி விருதுநகர், அங்கிருந்து மல்லாங்கிணறு. லோடை முடித்துவிட்டாள். வெளியே மழை, அதனால் உள்ளே வந்து பொம்பளைகள் பக்கம் கடைசியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதுவரை அவள் என் படம் ஒன்றுக்குக்கூட வந்ததில்லை.

விளக்கு அணைந்தது. படம் ஓடியது. முதல் தாளைப் படித்தேன். அருமையாகப் போனது. இரண்டாவது தாளை எடுத்தேன்.

வெள்ளை.

மூன்றாவதும் வெள்ளை. திருப்பினால் கிளியின் படம் போட்ட வெடி லேபிள். அடுத்ததும் கிளி. அதற்கடுத்ததும் கிளி. மேலே இருந்த ஒரு தாள்தான் என்னுடையது, மிச்சமெல்லாம் வெறும் கழிவுத் தாள். எனக்குப் புரிந்துவிட்டது. என்னுடைய டிராம்காரனும் அவன் பெண்டாட்டியும் அந்தச் சமையல்கட்டும் குழாய் குழாயாகச் சுற்றப்பட்டு எங்கள் வீட்டு முறத்தில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

பயத்தில் ஆள் எப்படி இருப்பான் என்று கேட்டால் நான் விவரமாகச் சொல்வேன், அனுபவம் உண்டு. முதலில் காது சூடாகும். அடுத்து, சம்பந்தமே இல்லாமல் பழைய அறிவிப்பெல்லாம் ஞாபகத்துக்கு வரும். மஞ்சள் சட்டை போட்ட குழந்தை என்று சொல்லிவிடுவேனோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். நல்ல வேளை, மண்டியில் மூன்று தடவை பார்த்த படம். டிராமில் அவன் வணக்கம் சொன்னால் நானும் வணக்கம் சொன்னேன். மிட்டாய் கொடுத்தால் இந்தா மிட்டாய் என்றேன். கட்டில் காட்சி வந்தது, பால்ராஜ் அண்ணன் முருகனைப் பிடித்தார், எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கக் கிடைத்தது. முருகா, அந்த அட்டையை இறக்கவே விடாதே என்று வேண்டிக்கொண்டேன். இறக்கிவிட்டார்.

சமையல்கட்டு வந்தது.

அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். மூச்சு விடாமல், கையை ஆட்டி, தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடி, நெடுநேரம் பேசினாள். அவள் நிறுத்தியதும் நான் மைக்கில், “நீ ஏன் இப்படி இருக்கே?” என்றேன்.

மண்டபம் காத்திருந்தது. நான் முடித்துவிட்டேன் என்பது அவர்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஆம்பளைகள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“ஏலே, அந்தம்மா அம்புட்டு நேரம் பேசுது. இவன் நாலு வார்த்தையில முடிக்கான்.”

திரையில் அவள் மறுபடி தொடங்கிவிட்டாள், முன்னைவிட வேகமாக. ஏதாவது நீளமாகச் சொல்லியாக வேண்டும். ஒரு பெண்டாட்டி புருஷனிடம் நீளமாகப் பேசி என் வாழ்க்கையில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். யோசிப்பதற்கு முன்னால் அது வாயில் வந்துவிட்டது.

“ஊருக்கெல்லாம் பேசுற. செத்தவனுக்குப் பேசுற, சேலைக்குப் பேசுற. என்கிட்ட மட்டும் கையைக் காட்டுற. நான் என்ன லாரியா, கையைக் காட்டி நிப்பாட்ட?”

பொம்பளைகள் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்து, அது பாதியில் கைதட்டலாக மாறியது. டிராம் ஓட்டுகிறவன் செத்தவனுக்கு ஏன் பேச வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. டார்ச் இரண்டு தடவை மின்னியது. நான் பொம்பளைகள் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். திரை வெளிச்சத்தில் மாரிக்கனி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்த பை தரைக்கு இறங்கியிருந்தது.

திரையில் புருஷன் ஏதோ பதில் சொன்னான். “எனக்குத் தொண்டை சரியில்ல” என்றேன். பனி பெய்கிற ஊர், பொருத்தமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் முகம் மட்டும் திரை முழுக்க வந்தது. அவள் சத்தத்தைக் குறைத்து ஒரே ஒரு வரி சொன்னாள். பாய் ஒரு சாயங்காலம் முழுக்க நடந்து கண்டுபிடித்த வரி அதுதான் என்று தெரிந்தது. வரி மட்டும் வரவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மண்டபத்துத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போது பொம்பளைகள் பக்கம் கடைசியிலிருந்து, மைக் இல்லாமல், சாதாரணமாகக் கடையில் சாமான் கேட்கிற குரலில் மாரிக்கனி சொன்னாள்.

“நல்லதையெல்லாம் வெளியில குடுத்துட்டு வர்ற. எனக்கு மிச்சம்தான் வருது.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பித் திரையைப் பார்த்தார்கள். சங்கத்துக்காரர்கள் செய்த ஏற்பாடு, பெண்ணுக்குப் பெண் குரல் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் பயத்தோடு பின்னால் பார்த்தேன். டார்ச் மின்னவில்லை.

அவன் பேசினான், ஞாபகம் இருந்ததை நான் சொன்னேன். அவள் பேசினாள், மாரிக்கனி சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. இப்போது ஊர் நடுவே, டிராம்காரன் தயவில், மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தோம்.

“பக்கத்துலதான் படுக்கிறோம். நடுவுல ஒரு ஊரே படுத்துருக்கு” என்றாள்.

இது படத்தில் இருக்கிறதா, இல்லை எங்கள் வீட்டு விஷயமா? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. உதட்டசைவுக்குச் சரியாக இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் எனக்கு இதே சந்தேகம், ஒவ்வொரு வரிக்கும் காது சூடு.

திரையில் அவள் அலமாரியைத் திறந்து பையை எடுத்தாள். இங்கே மாரிக்கனி எழுந்து நின்றாள். அவள் கையிலும் பை. வெளியே ஐந்து மணி வண்டியின் ஹாரன் கேட்டது.

“நான் போறேன். கதவைச் சாத்திக்கோ.”

திரையில் புருஷன் வாயைத் திறக்காமல் நின்றான். தண்ணீர்க் குழாய் சொட்டியது. இந்த இடத்தில் வசனமே கிடையாது, நன்றாக ஞாபகம் இருந்தது. பாய் இந்த இடத்துக்காகத்தான் இந்தப் படத்தையே எடுத்து வந்தார். மாரிக்கனி வாசல் பக்கம் திரும்பினாள். நான் மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

“போகாத மாரி” என்றேன்.

வேப்பமரத்துக் குழாய் இரண்டும் அதைத் தெரு முழுக்கச் சொன்னது. பஸ்ஸில் ஏறிவிட்ட மாரியம்மாள் என்கிற கிழவி ஒருத்தி இறங்கிவிட்டாளாம், கண்டக்டர் பின்னால் சொன்னார். டார்ச் மூன்று தடவை மின்னியது, நின்றது, மறுபடி மூன்று, அப்புறம் கணக்கே இல்லை. திரையில் அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டுப் பனியில் நடந்து நடந்து சின்னதாகிக்கொண்டே போனாள். பேச ஒன்றும் இல்லை. நான் கிளி லேபிள்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்குப் போட்டபோது ஐந்து மணி வண்டி போய்விட்டிருந்தது. மாரிக்கனி வாசல் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

ஜனங்கள் கலைந்து போகும்போது ஒரு பெரியவர் சத்தமாகவே சொன்னார்.

“அந்தாளு அம்புட்டுக் கெஞ்சுறான், திரும்பிக்கூடப் பாக்காமப் போறா. கல்நெஞ்சுக்காரி.”

பாய் அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் மேஜைக்கு வந்தார். குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

“கேட்டியா? ஒரு வார்த்தைதான் சேத்த. பாவம் அந்தப் பொம்பள, அவ தலையில பழியைப் போட்டுட்ட. அவன் சொல்லலங்கிறதுதான்பா படமே.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. நான் ஒரு ஜோக் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பாய் மாரிக்கனி பக்கம் திரும்பினார். தங்கச்சி அந்த வசனமெல்லாம் எங்கே பிடித்தது என்று கேட்டார். தாளில் இருந்தது, சுற்றுவதற்கு முன்னால் படித்துப் பார்த்தேன் என்றாள். வேண்டுமென்றே சுற்றினாயா என்று அன்றைக்கு மட்டுமல்ல, இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். கட்டோடு கிடந்த தாளைச் சுற்றினேன், தாள் தாள்தானே என்பதுதான் அவள் பதில். ஒரு எழுத்துப் பிசகவில்லை என்றார் பாய். வருகிற ஞாயிறு சாத்தூரில் இதே படம், தங்கச்சிக்குத் தனி மைக் போட்டுவிடு என்று என்னிடம் சொன்னார். இத்தனை வருஷத்தில் எனக்கு அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அடுத்த வண்டிக்கு நேரம் இருந்தது. மழை விட்டிருந்தது. மாரிக்கனி பஸ் நிற்கிற இடத்துக்குப் போகாமல் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். நான் பையை வாங்கிக்கொண்டேன். கொடுத்தாள். கம்பெனி மதில் ஓரமாக நடந்தோம். லீவு, தெருவில் ஆள் இல்லை.

“படத்துல அந்த ஆளு போகாதன்னு சொல்லவே இல்லையே. நீங்க எதுக்குச் சொன்னீக?”

“வாய் தவறி வந்துருச்சு.”

கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு நின்றாள்.

“இப்ப மைக் இல்ல. சொல்லுங்க, பாப்போம்.”

இருபத்தைந்து வருஷமாக ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னால் பேசியவன் நான். ஒரே ஒரு ஆளுக்கு முன்னால், ஈர மதிலோரத்தில், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கை தானாகத் தொண்டைப் பக்கம் போயிற்று. அவள் அந்தக் கையையே பார்த்தாள். கையை இறக்கினேன். சொன்னேன். கேட்கவில்லை என்றாள். மறுபடி சொன்னேன். அதற்கும் கேட்கவில்லை என்றாள். அவளுக்குக் காது மிக நன்றாகக் கேட்கும். அன்று வீடு போய்ச் சேருவதற்குள் என் தொண்டை கட்டிவிட்டது.

சாத்தூரில் இரண்டு மைக் வைத்தோம். புதிதாக எழுதிய தாள்களை முந்தின ராத்திரி நான் சட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு படுத்தேன். படம் ஒரு பிசகு இல்லாமல் போனது. சமையல்கட்டில் ஜனங்கள் மூச்சு விடவில்லை. மாரிக்கனி தன் வரிகளைச் சொல்லி முடித்து, “நான் போறேன், கதவைச் சாத்திக்கோ” என்றாள். மைக்கைக் கீழே வைத்தாள். திரையைப் பார்க்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் பின்னாலிருந்து டார்ச் மூன்று தடவை மின்னிவிட்டது.